பூட்டும் பொருளும்: கணனியின் கருவில் ஒரு கருத்து கடந்து வந்த பாதை

கணனியின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வால்வு, திரான்சிஸ்டர், சிலிக்கன் சில்லு என்ற வரிசையில் வேகமும் கொள்ளளவும் பெருகிய கதையே அதில் முதன்மை பெறுகிறது. அப்பொறிகளை இயக்கும் கருத்துக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாறு நேர்கோட்டில் முன்னேறிச் சென்ற ஒன்றல்ல என்பதும் அத்துணை கவனம் பெறவில்லை. ஒரு கருத்துத் தோன்றுவதும், சூழல் இடங்கொடாமையால் ஒதுங்கிப் போவதும், பல ஆண்டுகளின் பின் வேறோர் உருவில் மீள்வதும் இலக்கிய வரலாறு பயில்வோருக்குப் பழக்கமான நிகழ்ச்சிகளாகும். பணிசெயல் முறைமைகளின் உள்ளே தரவுகளைக் காக்கும் பூட்டுக்கள் பற்றிய சிந்தனையும் அத்தகையதொரு பாதையிலேயே வந்துள்ளது. அப்பாதையையும், அது அவ்வாறு அமைந்தமைக்கான காரணங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிக்கலின் இயல்பு

கணனியொன்றில் ஒரே வேளையில் பல வேலைகள் நடைபெறுகின்றன. நினைவகம், செயலி, வட்டு, வலையமைப்பு ஆகியவற்றை அவ்வேலைகளிடையே பங்கிட்டு அளிக்கும் செய்நிரற் றொகுதியே பணிசெயல் முறைமை எனப்படுகிறது. அதன் அடித்தளத்தில், பொறியோடு நேரே உறவாடும் பகுதியைக் கரு என்பர். கருவில் நேரும் பிழை ஒரு செய்நிரலோடு நின்றுவிடுவதில்லை. பொறி முழுவதையும் அது பற்றிக் கொள்கிறது.

கூட்டுறவுச் சங்கக் களஞ்சியம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பேரேட்டில் 100 மூடை நெல் இருப்பதாகப் பதியப்பட்டுள்ளது. ஓர் எழுதுவினைஞர் புதிதாக வந்த 20 மூடையைச் சேர்க்க வேண்டும்; மற்றவர் வெளியே சென்ற 30 மூடையைக் கழிக்க வேண்டும். இருவரும் ஒரே கணத்தில் ஏட்டைப் பார்த்து 100 என்ற எண்ணை மனத்திற் கொண்டு, தத்தம் மேசையிற் கணக்கிட்டு, மீண்டும் வந்து விடையை எழுதினால், பின்னர் எழுதியவரின் எண்ணே நிலைக்கும். ஏட்டில் 120 இருக்கும், அன்றேல் 70 இருக்கும். சரியான விடையாகிய 90 இராது. இருவரும் தம் கணக்கிற் பிழை செய்யவில்லை. பிழை அவர்கள் செயற்பட்ட வேளைகளின் பிணைப்பில் உள்ளது. இதனையே கணனியியலார் போட்டி நிலை என்பர். இப்பிழை எப்பொழுதாவது ஒருமுறையே தலைகாட்டும். மறுமுறை சோதித்துப் பார்க்கும்போது மறைந்துவிடும். அதன் கொடுமை இதிலேயே தங்கியுள்ளது.

இதற்கான பரிகாரம் எளிதாகத் தோன்றும். ஏட்டை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, திறப்பை வைத்திருப்பவர் மட்டும் உள்ளே செல்லலாம் என விதித்தால் போதுமானது. ஆனால் இன்றைய கருவொன்றில் இத்தகைய ஏடுகளும் பூட்டுக்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. எந்தப் பூட்டு எந்த ஏட்டைக் காக்கிறது என்ற அறிவு எங்கே வைக்கப்பட்டுள்ளது? செய்நிரலை எழுதியவரின் நினைவிலா, அருகில் எழுதிவைத்த குறிப்பிலா, இயங்கும்போது கண்காணிக்கும் கருவியிலா, அல்லது எழுதப்பட்ட மொழியின் இலக்கணத்திலேயேயா? பூட்டின் வரலாற்றை இவ்வினாவின் வழியே நோக்குமிடத்து அதன் திருப்பங்கள் தெளிவாகின்றன.

கைகாட்டியும் அதன் எல்லையும்

நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பக் கல்லூரியில் பணியாற்றிய எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1965 இல் ஒரு பக்க அளவிலான கட்டுரையொன்றை வெளியிட்டார். பல செயன்முறைகளுள் ஒன்று மட்டுமே ஒரு வேளையில் முக்கிய பகுதிக்குள் நுழைதல் வேண்டும் என்ற சிக்கலுக்கு அவர் அதில் தீர்வு கண்டார். இரண்டு செயன்முறைகளுக்குரிய தீர்வினை அவருடைய நாட்டவரான டெக்கர் முன்னரே கண்டிருந்தார். டெய்க்ஸ்ட்ரா அதனை எத்தனை செயன்முறைகளுக்கும் பொருந்துமாறு விரித்தார்.

அதே காலப்பகுதியில் அவர் வகுத்த செமபோர் என்னும் கருவி பெரும் செல்வாக்குப் பெற்றது. இப்பெயர் புகையிரதப் பாதையின் கைகாட்டியிலிருந்து பெறப்பட்டது. செமபோர் ஓர் எண். அதன் மீது இரண்டு செயல்களே அனுமதிக்கப்படும். உள்ளே செல்ல விரும்பும் செயன்முறை ஒன்றினாற் கேட்டுக் காத்திருக்கும். வெளியேறும்போது மற்றதனால் அறிவிக்கும். 1968 இல் வெளியான கட்டுரையில், ஐன்ட்ஹோவனில் உருவாக்கிய பணிசெயல் முறைமையை இக்கருவியின் துணையோடு அடுக்கடுக்காக அமைத்த முறையினை அவர் விளக்கினார்.

செமபோர் எளிமையும் வலிமையும் உடையது என்பதில் ஐயமில்லை. எனினும் தான் எதனைக் காக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஒரு மாறியைத் தொடுமுன் கைகாட்டியைப் பார்க்க வேண்டும் என்பது எழுதுபவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்கே. பார்க்காமலே மாறியைத் தொட்டால் தடுப்பார் எவருமில்லை. கைகாட்டி தாழ்ந்திருக்கிறதா உயர்ந்திருக்கிறதா என்பதைக் கவனியாமல் சாரதி வண்டியைச் செலுத்தினால் கைகாட்டி பாய்ந்து வந்து வண்டியை நிறுத்துவதில்லை அல்லவா?

புகையிரதத் துறையிலேயே இதனிலும் இறுக்கமான வேறொரு முறையும் உண்டு. ஒற்றைப் பாதைப் பகுதியில் நுழையும் வண்டியின் சாரதி அப்பகுதிக்குரிய அடையாளத் தகட்டினைக் கையிற் பெற்றுக்கொண்டே புறப்படுவார். ஒரு பகுதிக்கு ஒரு வேளையில் ஒரு தகடே வெளியே எடுக்கப்படத்தக்கதாக நிலையத்துக் கருவி அமைக்கப்பட்டிருக்கும். கைகாட்டி செய்தியைச் சொல்கிறது. தகடோ உரிமையே ஒரு பொருளாகக் கைக்கு வந்த நிலை. பூட்டுக்களின் வரலாற்றிலும் கைகாட்டியிலிருந்து தகட்டை நோக்கிய நகர்வொன்று நிகழ்ந்தது.

மொழிக்குள் வந்த காவல்

அந்நகர்வின் முதற் கட்டம் 1971 முதல் 1976 வரையான குறுகிய காலத்தில் இடம்பெற்றது. பெல்பாஸ்ற் குயீன்ஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய ரொனி ஹோரும், டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய பேர் பிறிஞ்ச் ஹான்சனும் இதில் முதன்மையானவர்கள். பொதுவில் பயன்படும் மாறியைப் பொதுப்பொருள் என்றே மொழியில் அறிவிக்கச் செய்தல், அதற்குரிய பகுதிக்குள் மட்டுமே அதனைத் தொட விடுதல், மீறினால் தொகுப்பானே செய்நிரலை ஏற்க மறுத்தல் என்பதே அவர்கள் முன்வைத்த கருத்தின் சாரமாகும். தொகுப்பான் என்பது மனிதர் எழுதிய செய்நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றும் கருவி.

தமிழிலக்கணம் பயின்றோருக்கு இது அந்நியமான எண்ணமன்று. 'மாடு வந்தான்' என்பது திணைவழு. அது உண்மையா பொய்யா என ஆராயும் முன்னரே, இலக்கணமாகாது எனக் கேட்போர் ஒதுக்கிவிடுவர். உயர்திணைப் பெயர் எவ்வகை முடிபினைக் கொள்ளும், அஃறிணைப் பெயர் எவ்வகை முடிபினைக் கொள்ளும் என்பது மொழியிலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. கணனி மொழிகளிலும் ஒவ்வொரு தரவும் ஒரு வகையைச் சார்ந்தது. அவ்வகை எந்தெந்தச் செயல்களை ஏற்கும் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. பூட்டின்றித் தொடும் செயலையும் ஒரு வழுவாக்கிவிட்டால், அவ்வழுவைக் கண்டறியும் பொறுப்பு எழுதுபவரிடமிருந்து தொகுப்பானுக்குக் கைமாறுகிறது.

பிறிஞ்ச் ஹான்சன் 1973 இல் வெளியிட்ட பணிசெயல் முறைமைக் கோட்பாடுகள் பற்றிய நூலிலும், ஹோர் 1974 இல் எழுதிய கட்டுரையிலும் மொனிட்டர் என்னும் அமைப்பு உருப்பெற்றது. தரவும், அதன் மீது செய்யத்தக்க செயல்களும், அவற்றைக் காக்கும் பூட்டும் ஒரே கூட்டுக்குள் வைக்கப்பட்டன. வெளியிலிருப்பவர் தரவை நேரே காண இயலாது. கூட்டின் வாயிலாகிய செயல்களை அழைத்தாற் போதும். பூட்டுவதும் திறப்பதும் தாமாகவே நிகழும். பிறிஞ்ச் ஹான்சன் இதனைத் தழுவி கொன்கரன்ட் பஸ்கால் என்னும் மொழியை ஆக்கினார். கலிபோர்னியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பிடிபி 11/45 கணனிக்கென அம்மொழியிலேயே எழுதிய சோலோ என்னும் பணிசெயல் முறைமையை 1976 இல் விவரித்தார். அணுகும் உரிமைகளுட் பெரும்பாலானவை தொகுக்கும் வேளையிலேயே சரிபார்க்கப்படுவது அதன் சிறப்பென அவரே எடுத்துக் காட்டினார். ஆகவே, பூட்டுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை மொழியின் இலக்கணத்தில் வைத்துப் பேணலாம் என்பது 1976 அளவிலேயே செயலிற் காட்டப்பட்ட உண்மையாகும்.

கருத்து ஒதுங்கியமைக்கான காரணங்கள்

இத்துணை தெளிவான கருத்து ஏன் பெருவழக்காகவில்லை என்பதே வரலாற்று மாணவன் எழுப்ப வேண்டிய வினா. அறியாமையே காரணம் என்று விடை கூறுவது பொருந்தாது. காரணங்கள் சூழலில் உள்ளன.

முதலாவது, அக்கருத்தின் அன்றைய உருவம் நடைமுறைக்கு இறுக்கமாயிருந்தது. கொன்கரன்ட் பஸ்காலில் செயன்முறைகளின் தொகை முன்கூட்டியே நிலைப்படுத்தப்பட வேண்டும். நினைவகத்தின் எவ்விடத்தையும் சுட்டிச் செல்லும் சுட்டிகளுக்கு அதில் இடமில்லை. பெரிய முறைமையொன்றின் கருவோ செயன்முறைகளை வேண்டியபோது தோற்றுவித்து வேண்டாதபோது நீக்க வேண்டியது. செரொக்ஸ் நிறுவனத்தின் மெசா மொழியிற் பெற்ற பட்டறிவை 1980 இல் பட்லர் லம்ப்சனும் டேவிட் றெடெலும் விவரித்தனர். பைலற் என்னும் முழுமையான பணிசெயல் முறைமை அம்மொழியில் எழுதப்பட்டது. ஒரு கூட்டுக்கு ஒரு பூட்டு என்ற நிலையிலிருந்து, பலநூறு பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டு என்ற நிலைக்குச் சென்றபோது மொனிட்டர் எளிமையை இழந்ததென்பது அவர்களது கட்டுரையிற் புலனாகிறது. அங்கு எழுதுபவரின் கவனம் மீண்டும் வேண்டப்பட்டது.

இரண்டாவது காரணம் யுனிக்ஸ் முறைமையின் எழுச்சி. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1969 இல் தொடங்கிய யுனிக்ஸின் கரு 1973 இல் சி மொழியில் மீள எழுதப்பட்டது. சி மொழி பொறியின் நினைவகத்தை மறைவின்றிக் காட்டுவது; சுட்டிகளைத் தடையின்றிக் கையாள விடுவது. பூட்டு என்பதொன்று அதன் இலக்கணத்தில் இல்லை. அன்றைய யுனிக்ஸிற்கு அது ஒரு குறையாகத் தோன்றவுமில்லை. கணனியில் ஒரு செயலியே இருந்தது. கருவுக்குள் இயங்கும் செயன்முறை தானாகவே உறங்கச் செல்லும்வரை மற்றொன்று அதன் இடத்தைப் பிடிக்காது. வெளிக்கருவிகளின் குறுக்கீடுகளைச் சிறிது நேரம் அடைத்து வைத்தாற் போதும்; ஏடு காக்கப்பட்டுவிடும். களஞ்சியத்தில் ஓர் எழுதுவினைஞரே இருக்கும்போது அறையைப் பூட்டுவானேன்?

யுனிக்ஸ் பல்கலைக்கழகங்கள் தோறும் பரவியது. அதனோடு சி மொழியும் பரவியது. பல செயலிகளைக் கொண்ட கணனிகள் பெருகியபோது பூட்டுக்கள் தவிர்க்க முடியாதவையாயின. ஆயினும் அதற்குள் கருக்களின் மொழி சி என்பது முடிந்த முடிபாகிவிட்டது. ஆகவே பூட்டு மொழியின் உறுப்பாகாமல், தரவுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட மற்றொரு தரவாகவே வந்து சேர்ந்தது. டெய்க்ஸ்ட்ராவின் கைகாட்டி நிலைக்கே வரலாறு திரும்பியது எனலாம்.

இழப்பின் விலை

இவ்விழப்பு அறிஞர்களின் விவாதத்துக்கு மட்டும் உரியதன்று. 1985 யூன் முதல் 1987 சனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெரக்-25 என்னும் புற்றுநோய்க் கதிர்மருத்துவப் பொறியினால் ஆறு விபத்துக்கள் நேர்ந்தன. நோயாளர் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு உள்ளாகினர்; உயிரிழப்புக்களும் நேர்ந்தன. நான்சி லெவ்சனும் கிளார்க் ரேணரும் 1993 இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இவ்விபத்துக்களின் மூலத்தைத் தேடியது.

அப்பொறியைக் கட்டுப்படுத்தியது ஒரு பிடிபி-11 கணனி. அதற்கெனவே தனியாக ஒரு சிறு பணிசெயல் முறைமை பொறிமொழிக்கு நெருங்கிய மொழியில் எழுதப்பட்டிருந்தது. பல பணிகள் பொது நினைவகத்தைப் பகிர்ந்து கொண்டன. ஒருபணி மாறியைச் சோதிப்பதற்கும் அதனை மாற்றுவதற்கும் இடையில் மற்றொரு பணி புகுந்துவிடாமற் காக்கும் ஏற்பாடு அதில் இருக்கவில்லை. 1986 மார்ச்சிலும் ஏப்பிரலிலும் டெக்சாசின் ரைலர் நகரில் நேர்ந்த விபத்துக்களில், இயக்குபவர் தாம் பதிந்த விபரத்தைத் தவறென உணர்ந்து விரைவாகத் திருத்தினார். காந்தங்கள் நிலைப்படுவதற்கு எடுக்கும் ஏறத்தாழ 8 செக்கன்களுக்குள் செய்யப்பட்ட திருத்தத்தைப் பொறியின் மற்றைய பகுதி அறியவில்லை. அவ்விரு நோயாளரும் பின்னர் இறந்தனர். பழகப் பழக இயக்குபவரின் விரல்கள் வேகம் பெற்றதனாலேயே அதுவரை மறைந்திருந்த பிழை வெளிப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. முந்திய மாதிரிகளில் இருந்த வன்பொருட் காப்புக்கள் இதில் நீக்கப்பட்டு, மென்பொருள் மீது அளவிறந்த நம்பிக்கை வைக்கப்பட்டமையும் இவ்வழிவுக்குத் துணைநின்றது.

மொனிட்டர் பற்றிய கட்டுரை வெளிவந்து பத்தாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரே இது நிகழ்ந்தது. அறிவு ஏட்டில் இருப்பதும் தொழிலிற் பயன்படுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதனிலும் துயரமான சான்று வேண்டியதில்லை.

குறிப்பும் கண்காணிப்பும்

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லின்னஸ் ரோவால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸ் கருவின் வரலாறு அடுத்த கட்டத்தை நன்கு விளக்குகிறது. அதுவும் சி மொழியில் எழுதப்பட்டதே. 1996 இல் வந்த அதன் 2.0 பதிப்பு பல செயலிகளுக்கு இடமளித்தது. அதற்கெனக் கரு முழுவதற்கும் ஒரே பெரும் பூட்டு இடப்பட்டது. செயலிகள் எத்தனை இருந்தாலும் ஒரு வேளையில் ஒன்றே கருவுக்குள் இயங்கலாம். களஞ்சியத்தின் வெளிக்கதவுக்கே பூட்டிட்டமை போன்றது இது. பாதுகாப்பானது; ஆயினும் மற்றையோர் வாசலிற் காத்து நிற்க வேண்டும்.

அப்பெரும் பூட்டைச் சிறு சிறு பூட்டுக்களாகப் பிரிக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. அது முற்றாக நீங்கியது 2011 மே மாதம் வந்த 2.6.39 பதிப்பிலேயே. பதினைந்து ஆண்டுகள் பிடித்தமைக்குக் காரணம், அப்பூட்டு எந்தெந்தத் தரவுகளைக் காத்து வந்தது என்பது எங்கும் எழுதப்படாமையே. ஒவ்வொரு பகுதியையும் படித்து, எழுதியவரின் கருத்தை ஊகித்து, பின்னரே பூட்டை அகற்ற வேண்டியிருந்தது. ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியரின் பணிக்கு இது ஒப்பானது.

சிறு பூட்டுக்கள் பெருகவே புதியதொரு தொல்லை பிறந்தது. ஒரு செயன்முறை முதற் பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்க, மற்றொன்று இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதற்குக் காத்திருந்தால் இரண்டும் என்றென்றைக்கும் நகரா. பூட்டுக்களை எப்பொழுதும் ஒரே வரிசையிற் பிடித்தால் இம்முட்டுக்கட்டை நேராது என்பது 1968 இலேயே ஹவெண்டர் எடுத்துரைத்த விதியாகும். லினக்ஸ் நினைவக முகாமைப் பகுதியின் கோப்புக்கள் சிலவற்றின் தொடக்கத்தில், எப்பூட்டின் பின் எப்பூட்டைப் பிடிக்கலாம் என்ற நீண்ட வரிசைக் குறிப்பு எழுதப்பட்டுள்ளது. அது மனிதர் படிப்பதற்கென எழுதப்பட்டது. தொகுப்பான் அதனைப் படிப்பதில்லை; குறிப்பும் நடைமுறையும் வேறுபட்டால் சுட்டிக் காட்டுவதுமில்லை.

2006 இல் வந்த 2.6.18 பதிப்பில் இங்கோ மொல்னாரும் ஆர்யன் வான் டி வென்னும் ஆக்கிய லொக்டெப் என்னும் கண்காணிப்புக் கருவி இணைக்கப்பட்டது. பூட்டுக்களை இனவாரியாகப் பகுத்து, கரு இயங்கும்போது எந்த இனத்தின் பின் எந்த இனம் பிடிக்கப்படுகிறது என்பதை அது பதிந்துகொள்ளும். முட்டுக்கட்டை உண்மையில் நேராதபோதும், நேரக்கூடிய வரிசை காணப்பட்ட உடனேயே எச்சரிக்கும். இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நடந்து பார்த்த வழிகளையே அது அறியும். எவரும் செல்லாத வழியில் உள்ள பிழை அதன் கண்ணிற் படாது.

கருத்தின் மீட்சி

இதற்கிடையில் மொழிக் கோட்பாட்டாளர் வட்டத்தில் பழைய கருத்து அணையாமல் இருந்தது. 1995 இல் வெளியிடப்பட்ட ஜாவா மொழி மொனிட்டர் என்ற பெயரை ஏற்றது. ஆயினும் பூட்டின்றித் தரவைத் தொடுவதை அது தடுக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு ஆராய்ச்சியைப் புறக்கணித்த செயல் இதுவென 1999 இல் பிறிஞ்ச் ஹான்சன் கடிந்து எழுதினார். அதே ஆண்டிலேயே கோர்மக் பிளனகனும் மார்ட்டின் அபாடியும் பூட்டுக்களைப் பாதுகாப்பாகக் கையாள்வதற்குரிய வகைமுறை ஒன்றை முன்வைத்தனர். செய்நிரலின் ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் பூட்டுக்கள் கையில் உள்ளன என்பதை வகைகளே கணக்கிட்டு வரும். 2003 இல் டான் குரோஸ்மன் சி மொழியைத் தழுவிய சைக்குளோன் மொழிக்கு இத்தகைய முறையைப் பொருத்திக் காட்டினார்.

தொழில் உலகில் இக்கருத்தை நிலைநாட்டியது றஸ்ட் மொழி. அதன் முதலாவது நிலையான பதிப்பு 2015 மே மாதம் வெளிவந்தது. அதில் பூட்டு தரவுக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. தரவே பூட்டின் உள்ளே இருக்கிறது. பூட்டைப் பிடிக்கும் செயல் காவலர் என்ற ஒரு மதிப்பைத் திருப்பித் தரும். தரவைத் தொடுவதற்கு அக்காவலரைத் தவிர வேறு வழி கிடையாது. காவலர் மறையும் கணத்திற் பூட்டு தானே திறந்துகொள்ளும். புகையிரதச் சாரதியின் கையிலுள்ள அடையாளத் தகடே மொழிக்குள் வந்துவிட்டது எனலாம்.

மொனிட்டருக்குக் கிட்டாத நெகிழ்ச்சி இதற்குக் கிட்டியமைக்குக் காரணம் உண்டு. கூட்டுக்குள் இருக்கும் தரவின் சுட்டியை எவரேனும் வெளியே கொண்டு சென்றுவிட்டால் கூடு பயனற்றதாகும். கொன்கரன்ட் பஸ்கால் சுட்டிகளையே விலக்கி இச்சிக்கலைத் தவிர்த்தது. ஜாவா சுட்டிகளை அனுமதித்துச் சிக்கலையும் ஏற்றது. றஸ்ட் மொழியோ ஒவ்வொரு சுட்டியும் எவ்வளவு காலம் செல்லும் என்பதைத் தொகுக்கும் வேளையிலேயே கணிக்கிறது. காவலரிடமிருந்து இரவல் பெற்ற சுட்டி காவலரிலும் நெடுங்காலம் வாழ முற்பட்டால் அது வழுவாகும்; செய்நிரல் தொகுக்கப்படாது.

2022 டிசெம்பரில் வந்த லினக்ஸ் 6.1 பதிப்பு றஸ்ட் மொழிக்கான அடித்தளத்தை ஏற்றது. பூட்டுக்களுக்கான இடைமுகங்கள் அடுத்த ஆண்டிலே தொடர்ந்து சேர்ந்தன. கருவின் இயல்பு பொதுவான மொழியின் இயல்போடு மோதிய இடங்கள் இவ்விடைமுகங்களில் தெளிவாகத் தெரிகின்றன. கருவின் பூட்டுக்குள் காத்திருப்போர் பட்டியல் ஒன்று உண்டு. அது தன்னைத் தானே சுட்டுவது. ஆதலால் அப்பூட்டை நினைவகத்தில் இடம் பெயர்க்கலாகாது. றஸ்ட் மொழியிலோ மதிப்புக்கள் இயல்பாக இடம் பெயர்வன. எனவே பிறந்த இடத்திலேயே நிலைத்திருக்கும் பொருள்களை ஆக்குவதற்குத் தனி வழி வகுக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு ஆக்கும்போதே ஒவ்வொரு பூட்டுக்கும் அதன் இனம் குறிக்கப்படுவதால் லொக்டெப் கருவி இங்கும் தன் பணியைத் தொடர்கிறது. இன்னும், பல சிறு பொருள்களைத் தொலைவிலுள்ள ஒரே பூட்டுக் காக்கும் வழக்கம் கருவில் மிகுதி. அதற்கென அமைந்த வகை, உரிய உடைமையின் காவலரைக் காட்டினாலன்றித் தரவைத் தராது. வேறோர் உடைமை காட்டப்பட்டால் இயங்கும்போது நிறுத்திவிடும். இவ்விடத்தில் மொழியின் சோதனையும் இயக்கத்தின் சோதனையும் பொறுப்பைப் பங்கிட்டுக் கொள்கின்றன.

இவ்விடைமுகங்களின் அடியில் சி மொழியிலான பழைய பூட்டுக்களே உள்ளன. அவற்றை அழைக்கும் இடங்களில் தொகுப்பானால் எதனையும் உறுதிப்படுத்த இயலாது. அத்தகைய இடங்கள் பாதுகாப்பற்றவை என வெளிப்படையாகக் குறிக்கப்படுகின்றன. ஏன் அவை தவறாகா என்பதை எழுதுபவர் அருகே விளக்க வேண்டும் என்பது அங்குள்ள மரபு. நம் இலக்கணகாரர் இதனை வழுவமைதி என்பர். வழு எது என்ற வரையறை உறுதியாக இருந்தாலன்றி வழுவமைதிக்குப் பொருளில்லை. சி மொழியில் எல்லா இடமும் ஒரே தன்மையவாதலால் ஐயுறவேண்டிய இடத்தைத் தனியே பிரித்துக் காட்ட வழியில்லை. ஆயினும் சி மொழிப் பகுதியும் மாறாதிருக்கவில்லை. குறித்த பகுதி முடிந்ததும் பூட்டுத் தானே திறக்கும் ஏற்பாடொன்று 2023 இல் வந்த 6.5 பதிப்பில் அதற்கும் அளிக்கப்பட்டது.

எஞ்சியிருப்பவை

வகைகள் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டன எனக் கொள்வது தவறாகும். காவலர் முறை பூட்டின்றித் தொடுவதைத் தடுக்கிறது, முட்டுக்கட்டையைத் தடுப்பதில்லை. பூட்டின் வரிசையையே வகையில் எழுதிவிடும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன. கூகிள் நிறுவனத்தின் பியூசியா முறைமையில், வலையமைப்புக்கென றஸ்ட் மொழியில் எழுதப்பட்ட பகுதி இம்முறையைக் கையாள்கிறது. அங்கு வரிசை தவறிய செய்நிரல் தொகுக்கப்படுவதே இல்லை. கோப்பின் தலைப்பிற் குறிப்பாக இருந்த அறிவு இலக்கணமாகிவிட்டது. ஆனால் கருவின் பூட்டுக்கள் அனைத்தையும் அவ்வாறு ஒரே வரிசையில் அடக்குதல் எளிதன்று.

இதனிலும் ஆழமான எல்லை ஒன்றுண்டு. 2007 இல் வந்த லினக்ஸ் பதிப்பொன்றிலிருந்து மறைந்திருந்து, 2016 ஒக்டோபரிற் கண்டறிந்து திருத்தப்பட்ட பிழையொன்று, வாசிக்க மட்டும் உரிமையுள்ள கோப்பில் எழுதுவதற்குச் சாதாரணப் பயனருக்கு வழி திறந்துவிட்டது. பூட்டே இடாமையால் விளைந்த பிழையன்று அது. ஒரு படியில் உறுதிசெய்த நிலை அடுத்த படிக்குள் மாறிவிடக்கூடும் என்பது சரிவரக் கருதப்படாமையே மூலம். எவ்வெச் செயல்கள் சேர்ந்து ஒரு முழுமையாக அமைய வேண்டும் என்பதை வகை தானாக அறியாது. அதனை மனிதரே வகுத்தல் வேண்டும். இலக்கண வழுவற்ற வாக்கியம் பொய்யாகவும் இருக்கலாம் அல்லவா?

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, எந்தப் பூட்டு எந்தப் பொருளைக் காக்கிறது என்ற அறிவு அரை நூற்றாண்டில் நான்கு இடங்களில் வாழ்ந்துள்ளமை புலனாகும். டெய்க்ஸ்ட்ராவின் காலத்தில் அது எழுதுபவரின் நினைவில் இருந்தது. ஹோரும் பிறிஞ்ச் ஹான்சனும் அதனை மொழியில் வைத்தனர். ஒற்றைச் செயலியும் சி மொழியும் கோலோச்சிய காலத்தில் அது மீண்டும் நினைவுக்கும் குறிப்புக்கும் சென்றது. பின்னர் கண்காணிப்புக் கருவிக்குள் ஒரு பகுதி புகுந்தது. இன்று மொழிக்குள் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. திரும்பி வந்தது 1976 இன் உருவமன்று. சுட்டிகளோடும் மாறிவரும் செயன்முறைகளோடும் ஒத்துவாழப் பழகிய உருவம். இடைப்பட்ட கால ஆராய்ச்சியும் பட்டறிவும் இன்றி அது கைகூடியிராது.

லினக்ஸ் கருவின் மிகப் பெரும்பகுதி இன்றும் சி மொழியிலேயே உள்ளது. அதனை எழுதியோரும் காப்போரும் பலர். அவருட் பலர் விலகிச் சென்றுவிட்டனர், சிலர் இப்போது உயிரோடில்லை. எழுதியவரின் தலைக்குள் இருந்த அறிவு அவரோடு போய்விடும். மொழியில் எழுதப்பட்ட அறிவு அடுத்து வருபவர் பிழை செய்யும் வேளையில் அவரைத் தடுத்து நிறுத்தும். ரைலர் நகரத்துப் பொறியை எழுதியவருக்கு அத்தகைய தடை ஒன்று இருக்கவில்லை. அதனை ஆக்குவதற்கான அறிவு அன்று உலகில் இல்லாமலும் இருக்கவில்லை.